லாகின் கொடுத்தால் மட்டும் போதுமா?

சென்ற மாதம் எங்கள் கட்டடத்து லிஃப்டில் ஒரு அப்பா என்னைப் பிடித்துக்கொண்டார். யாழ்ப்பாணத்துக்காரர், ஸ்கார்பரோவுக்கு வந்து முப்பது வருடம் ஆகிறது. "தம்பி, மகன் டேட்டா அனலிட்டிக்ஸ் படிக்க வேணுமெண்டு நிக்கிறான். வெளியில ஒரு இடத்தில மூவாயிரம் டொலர் கேக்கினம். கட்டலாமோ?" என்றார். மகன் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் வருடம். அன்று மாலையே அவனை லேப்டாப்போடு வரச் சொல்லி, அவனுடைய பல்கலைக்கழக லாகினில் தேடிப் பார்த்தோம். நூலகப் பக்கத்தின் ஒரு மூலையில் லிங்க்ட்இன் லேர்னிங் உட்கார்ந்திருந்தது. எக்செல், எஸ்கியூஎல், பைதான், டாப்லோ, எல்லாமே இருந்தன. தனியாக ஒரு சதம் கட்ட வேண்டாம். "இது இருக்கெண்டே எனக்குத் தெரியாது அண்ணா" என்றான்.

இது இந்த ஒரு பையனின் கதை இல்லை. கனடாவில் பல பல்கலைக்கழகங்கள் இந்த மாதிரிச் சேவைக்கு மொத்தமாகச் சந்தா கட்டி மாணவர்களுக்குத் திறந்துவிட்டிருக்கின்றன. முதல் வாரம் வரும் நூறு மின்னஞ்சல்களில் ஒன்றாக அந்தச் செய்தி வந்து அப்படியே புதைந்து போகிறது. வீட்டில் அப்பா அம்மா இரண்டு வேலை பார்த்து ஃபீஸ் கட்டுகிறார்கள். பிள்ளையோ ஏற்கனவே காசு கட்டிய பொருளை வெளியே போய் இன்னொரு முறை வாங்குகிறான். ஊரிலிருந்து வந்து படிக்கும் மாணவர்கள் நிலை இன்னும் மோசம். உள்ளூர் மாணவரைவிடப் பல மடங்கு ஃபீஸ், அதற்கு மேல் கல்லூரி நடக்கும் நாட்களில் வாரம் 24 மணி நேரம்தான் வெளிவேலைக்கு அனுமதி. அவர்களுக்குப் பஸ்ஸில் உட்கார்ந்து பத்து நிமிட வீடியோ பார்த்துப் படிக்க முடிவது பெரிய வசதிதான். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

ஆனால் "வீடியோ இருக்கிறது, திறமை வந்துவிடும்" என்று பல்கலைக்கழகங்கள் நினைத்தால் அங்கேதான் எனக்குச் சண்டை.

2012-ல் கோர்செராவும் எட்எக்ஸும் வந்தபோது உயர்கல்வியே தலைகீழாக மாறப்போகிறது என்றார்கள். ஹார்வர்டும் எம்ஐடியும் எட்எக்ஸில் நடத்திய பாடங்களின் ஆறு வருடத் தரவை ஆராய்ந்த கட்டுரை 2019 ஜனவரியில் சயன்ஸ் இதழில் வந்தது. பதிவு செய்தவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் பாடத்துக்குள் ஒரு முறைகூட நுழையவில்லை. 2017-18-ல் முடித்தவர்கள் 3.13 சதவீதம். சான்றிதழுக்காகக் காசு கட்டியவர்களிடையே மட்டும் அது 46 சதவீதம். சோம்பேறித்தனம் என்று சொல்லிக் கடந்துவிடலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எப்போது வேண்டுமானாலும் பார்க்கலாம் என்ற பாடத்தை யாரும் "இன்றைக்கு" பார்ப்பதில்லை, அவ்வளவுதான். கேள்வி கேட்க ஆள் இல்லை, கெடு இல்லை, பக்கத்தில் படிக்கும் நண்பன் இல்லை.

முடித்தவர்கள் கதை வேறு மாதிரி. எங்கள் டீமுக்கு மாணவப் பயிற்சியாளர்களை எடுக்க நானும் நேர்காணலில் உட்காருவதுண்டு. ஒரு பையனின் ரெஸ்யூமேயில் பதினான்கு சான்றிதழ்கள். இரண்டு டேபிளைச் சேர்த்து எடுக்க ஒரு சின்ன எஸ்கியூஎல் எழுதச் சொன்னேன். கை நின்றுவிட்டது. அவனைக் குறை சொல்ல மனம் வரவில்லை. வீடியோ முழுக்க ஓடி முடிந்தாலே பெரும்பாலான பாடங்களுக்குச் சான்றிதழ் வந்து விழுகிறது. அவன் உண்மையாகவே உட்கார்ந்து பார்த்திருப்பான். அடுத்து வந்த பெண்ணிடம் இருந்தது ஒரே ஒரு பாடம். ஆனால் அதில் படித்ததை வைத்து, டொரண்டோ நகரம் திறந்த தரவாக வெளியிடும் டிடிசி சுரங்க ரயில் தாமதக் கணக்கை இறக்கி, எந்த நிலையத்தில் எந்த நேரத்தில் அதிகம் நிற்கிறது என்று பார்த்திருந்தாள். ஒரே நிலையத்தின் பெயர் பல விதமாக எழுதப்பட்டிருந்ததைச் சரிசெய்யவே ஒரு வாரம் போச்சு என்று சிரித்துக்கொண்டே சொன்னாள். அந்த ஒரு வாரத்தைத்தான் நாங்கள் வேலைக்கு எடுத்தோம்.

இந்த விஷயத்தில் ஊரைப் பார்த்துக் கற்றுக்கொள்ள ஒன்று இருக்கிறது. ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து 2003-ல் தொடங்கிய என்பிடெல்லை எங்கள் தலைமுறை மறக்காது. ஹாஸ்டலில் ஹார்ட் டிஸ்க் விட்டு ஹார்ட் டிஸ்க் தாவிய வீடியோக்கள் அவை. படம் மங்கல், ஆசிரியர் கரும்பலகையைப் பார்த்தே பேசுவார், ஆனாலும் செமஸ்டரில் கரையேற்றிவிட்டன. இன்று அதே என்பிடெல்லில் படிப்பது இலவசம்; சான்றிதழ் வேண்டுமென்றால் ஆயிரம் ரூபாய் கட்டி, தேர்வு மையத்துக்கு நேரில் போய் உட்கார்ந்து எழுத வேண்டும். வாராந்திர அசைன்மென்டுக்கு 25, தேர்வுக்கு 75. அந்த மதிப்பெண்ணைக் கல்லூரிகள் கிரெடிட்டாக எடுத்துக்கொள்ளவும் வழி இருக்கிறது. லட்சக்கணக்கில் ஃபீஸ் வாங்கும் இங்குள்ளவர்கள் ஒரு லாகினோடு நிறுத்திக்கொள்வது எந்த நியாயத்தில்?

செய்ய முடியாத வேலை ஒன்றும் இல்லை. புள்ளியியல் ஆசிரியர் தன் பாடத்தோடு ஒரு பைதான் தொடரை இணைத்து, அதில் செய்த பயிற்சிக்கு ஐந்து மதிப்பெண் கொடுக்கலாம். வாரம் ஒரு மணி நேரம் ஒரு சீனியர் மாணவருக்குச் சம்பளம் கொடுத்துச் சந்தேகம் தீர்க்க உட்கார வைக்கலாம். வீடியோ வந்துவிட்டது என்று டுடோரியல் நேரத்தைக் குறைக்காமல் இருந்தாலே பாதி புண்ணியம்.

இன்னொன்று, பட்டம் வாங்கியதும் இந்த அணுகலைப் பல இடங்களில் மூடிவிடுகிறார்கள். வேலை தேடி அலையும் அந்த முதல் வருடம்தான் அது மிகவும் தேவைப்படும் காலம். சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகம் மாணவர் சேர்க்கையை 20 வருடம் செல்லுபடியாகும் என்று வைத்திருக்கிறது. இங்கே ஒரு வருடம் நீட்டிக் கொடுக்கக்கூடவா கணக்கு இடிக்கிறது?

பெற்றோருக்கு ஒரு சின்ன விஷயம். மூவாயிரம் டாலர் கோர்ஸுக்குக் கையெழுத்துப் போடும் முன் பிள்ளையிடம் பல்கலைக்கழக நூலகப் பக்கத்தைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். பல ஊர்களின் பொது நூலக அட்டையிலும் இந்த மாதிரிப் பாடங்கள் உண்டு. நுழையும்போது சொந்த லிங்க்ட்இன் கணக்கை இணைக்கவா என்று கேட்டால் வேண்டாம் என்றே போகலாம், அதில் தயங்க வேண்டாம்.

எங்கள் கட்டடத்துப் பையன் மூன்றாம் வாரமே நிறுத்திவிட்டான். திட்டவில்லை, எதிர்பார்த்ததுதான். இப்போது வகுப்பு நண்பர்கள் இரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு சனிக்கிழமை காலை நூலகத்தில் உட்காருகிறார்கள். எடுத்திருப்பது அதே டிடிசி தரவு. நான் பத்து மணிக்குப் போய்ச் செய்தது என்ன என்று கேட்கிறேன். இரண்டு சனிக்கிழமை ஆகியிருக்கிறது. அவன் அப்பா மூவாயிரத்தை இன்னும் கட்டவில்லை.