ஆண்டுதோறும் காலாவதியாகும் சட்டம், அழியாத நிபந்தனைகள்

அமெரிக்க நாடாளுமன்றம் ஆண்டுக்கு 12 நிதி ஒதுக்கீட்டு மசோதாக்களை நிறைவேற்றியாக வேண்டும். பாதுகாப்புத் துறைக்கானதை விட்டுவிட்டால், அவற்றில் மிகப் பெரியது தொழிலாளர், சுகாதாரம், கல்வித் துறைகளுக்கான மசோதா. வேலைப் பயிற்சி, மருத்துவ ஆய்வு, ஏழைப் பிள்ளைகள் மிகுந்த பள்ளிகளுக்கான உதவி, கல்லூரி மாணவர்களுக்கான பெல் உதவித்தொகை எல்லாம் இதில் அடங்கும். ஏழைகளின் மருத்துவச் செலவை ஏற்கும் மெடிக்கெய்ட் திட்டத்துக்கு எவ்வளவு செலவாகும் என்பதை நிரந்தரச் சட்டமே தீர்மானிக்கிறது. ஆனால் பணம் இந்த மசோதா வழியாகத்தான் போகிறது.

நிதியாண்டு அக்டோபர் 1இல் தொடங்குகிறது. இந்த முறை வந்த 1977ஆம் நிதியாண்டிலிருந்து, எல்லா மசோதாக்களும் உரிய நாளுக்குள் நிறைவேறியது 1977, 1989, 1995, 1997 ஆகிய நான்கு நிதியாண்டுகளில்தான். மற்ற ஆண்டுகளில் பழைய தொகையையே நீட்டிக்கும் தற்காலிகத் தீர்மானத்தை வைத்துக் காலம் தள்ளுகிறார்கள். அதுவும் கைகூடாவிட்டால் அலுவலகங்கள் மூடப்படும். கடைசியில் பல மசோதாக்களை ஒன்றாகக் கட்டி அவசர அவசரமாக நிறைவேற்றுவார்கள்.

இந்த அவசரத்தில் வளர்பவை, ஒரு டாலர்கூட ஒதுக்காத நிபந்தனைகள். தொகையைப் பற்றிய சண்டை ஓராண்டோடு முடியும்; நிபந்தனை தலைமுறை தாண்டியும் நிற்கும். 1976இல் இல்லினாய் உறுப்பினர் ஹென்றி ஹைட், கருக்கலைப்புக்கு மெடிக்கெய்ட் பணத்தைச் செலவிடக் கூடாது என்ற வாசகத்தை இந்த மசோதாவில் சேர்த்தார். செலவு அதிகம் என்று அதிபர் ஃபோர்டு மசோதாவைத் திருப்பி அனுப்பினார். செப்டம்பர் 30 அன்று இரு அவைகளும் அவரது மறுப்பை மீறி அதைச் சட்டமாக்கின. 1980இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 4 என்ற கணக்கில் நிபந்தனை செல்லும் என்றது. விதிவிலக்குகள் மாறியிருக்கின்றன; நிபந்தனை மட்டும் ஆண்டுதோறும் புதுப்பிக்கப்படுகிறது.

1996இல் இதே மசோதாவில் வந்த, டிக்கி நிபந்தனை எனப்படுவது இன்னும் நுட்பமானது. நோய்க் கட்டுப்பாட்டு, தடுப்பு மையம் தன் காயத் தடுப்பு நிதியைத் துப்பாக்கிக் கட்டுப்பாட்டுக்கு ஆதரவு திரட்டப் பயன்படுத்தக் கூடாது என்பதே அதன் சாரம். ஆய்வுக்குத் தடை என்று அதில் எங்கும் இல்லை. ஆனால் அதே சமயத்தில் மையத்தின் நிதியிலிருந்து 26 லட்சம் டாலர் எடுக்கப்பட்டு மூளைக்காய ஆய்வுக்குத் திருப்பிவிடப்பட்டது. முந்தைய ஆண்டு துப்பாக்கிக் காய ஆய்வுக்கு மையம் செலவிட்டதும் அவ்வளவுதான். அதிகாரிகளுக்குக் குறிப்பு புரிந்துவிட்டது. இருபது ஆண்டுகளுக்கு மேல் அந்த ஆய்வு ஏறக்குறைய முடங்கிக் கிடந்தது. சட்டம் சொல்லாததைத் தொகை சொல்லிவிட்டது.

மசோதாவை உரிய நாளில் நிறைவேற்ற வழியே இல்லை என்றும் சொல்ல முடியாது. 2018இல் இதைப் பாதுகாப்புத் துறை மசோதாவோடு இணைத்தார்கள். ராணுவச் செலவை விரும்பியவர்களும் சமூகச் செலவை விரும்பியவர்களும் ஒருவருக்கொருவர் விட்டுக்கொடுக்க, செப்டம்பர் 28 அன்றே அது சட்டமானது. அதனால் அந்த டிசம்பரில் தொடங்கி 35 நாள் நீடித்த முடக்கத்தில் இந்த மூன்று துறைகளும் பெரும்பாலும் வழக்கம்போல இயங்கின.

அடுத்த ஆண்டே பழைய தாமதம் திரும்பியது. 2020ஆம் நிதியாண்டுக்கான சட்டம் கையெழுத்தானது 2019 டிசம்பர் 20இல். துப்பாக்கிக் காய ஆய்வுக்கு 2.5 கோடி டாலர் ஒதுக்கியது அந்தச் சட்டம்தான். டிக்கி நிபந்தனையும் அதில் அப்படியே இருந்தது.