மண் நம்முடையது, காந்தம் யாருடையது?

செல்போன் கடை வைத்திருக்கும் சகோதரரே! நீங்கள் அன்றாடம் விற்கும் பொருட்களில் எத்தனையில் காந்தம் இருக்கிறது என்று எண்ணிப் பார்த்ததுண்டா? இயர்போனில் இருக்கிறது. போனை அதிர வைக்கும் சின்னஞ்சிறு மோட்டாரில் இருக்கிறது. கம்ப்யூட்டரின் ஹார்டு டிஸ்க்கில் இருக்கிறது. மின்சார ஸ்கூட்டர் ஓடுவதும் காந்தத்தின் பலத்தில்தான்.

இவற்றில் பெரும்பாலும் இருப்பது நாம் சிறுவயதில் விளையாடிய லாடக் காந்தம் அல்ல. நியோடிமியம், இரும்பு, போரான் மூன்றையும் சேர்த்துச் செய்யும் காந்தம். 1980களின் தொடக்கத்தில் ஜப்பானிலும் அமெரிக்காவிலும் தனித்தனியே கண்டுபிடிக்கப்பட்டது. நியோடிமியம், 'அரிய மண்' எனப்படும் 17 தனிமங்களில் ஒன்று. பெயரில்தான் அரிது! ஒன்றோடொன்று கலந்து கிடக்கும் இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் உண்மையில் அரிய வேலை.

அந்த மண் நம் குமரி மாவட்டம் மணவாளக்குறிச்சியிலேயே கிடக்கிறது. திருவிதாங்கூரிலிருந்து ஜெர்மனிக்குப் போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில் மோனசைட் இருப்பதை 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மானியர் கண்டுகொண்டார். தேடி வந்து ஆலையும் அமைத்தார். நாம் கயிற்றுக்கு மட்டும் விலை வாங்கினோம். ஒட்டியிருந்த மணலின் மதிப்பை அவர் அறிந்திருந்தார்!

1950ல் இந்தியன் ரேர் எர்த்ஸ் அரசு நிறுவனம் தொடங்கப்பட்டது. அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறையின் கணக்குப்படி நம் நாட்டின் அரிய மண் இருப்பு 69 லட்சம் டன். ஆனாலும் காந்தத்திற்குச் சீனாவிடம் கையேந்தி நிற்கிறோம். ஏன்?

அமெரிக்காவின் கதையைப் பாருங்கள். ஜெனரல் மோட்டார்ஸ் தன் காந்தப் பிரிவை 1995ல் சீனப் பங்காளிகள் இடம்பெற்ற குழுவிடம் விற்றது. பின்னர் அமெரிக்க ஆலை மூடப்பட்டது. தொழில் சீனாவுக்குப் போனது. இன்று உலகின் காந்தத்தில் சுமார் 90 சதவீதம் சீனாவில் தயாராகிறது. 2025 ஏப்ரலில் ஏழு தனிமங்களுக்கும் அவற்றைச் சேர்த்த காந்தங்களுக்கும் சீனா ஏற்றுமதிக் கட்டுப்பாடு விதித்தது. அடுத்த மாதமே ஃபோர்டு நிறுவனம் சிகாகோ ஆலையைச் சில நாட்கள் நிறுத்த நேர்ந்தது. ஒரு துண்டுக் காந்தம் இல்லாமல் ஒரு கார் ஆலை!

2025 நவம்பரில் நம் மத்திய அமைச்சரவை விழித்துக் கொண்டது. 7,280 கோடி ரூபாயில், ஆண்டுக்கு 6,000 டன் காந்தம் செய்யும் திறனை உருவாக்கத் திட்டம். வரவேற்போம். ஆனால் மோனசைட்டில் கதிரியக்கமுள்ள தோரியமும் கலந்திருக்கிறது. கடலோர மக்களின் அச்சத்துக்கு நேர்மையான பதில் சொல்லாமல் மணலைத் தோண்டுவது வளர்ச்சி ஆகாது.

இளைஞர்களே! இந்தக் கோடிகள், வேலை தெரிந்தவன் வீட்டுக் கதவைத்தான் தட்டும். வேதியியலையும் உலோகவியலையும் யாரும் சீண்டாத பாடம் என்று ஒதுக்காதீர்கள்.

காயலான் கடை நடத்தும் வியாபாரிகளே! பழைய ஹார்டு டிஸ்க்கை இரும்பு விலைக்கு எடை போடுகிறீர்கள். அதற்குள் இருப்பது நியோடிமியம்! இத்தகைய கனிமங்களை மறுசுழற்சி செய்ய 2025 செப்டம்பரில் 1,500 கோடி ரூபாய் ஊக்கத் திட்டம் அறிவிக்கப்பட்டது. நாலு பேர் கூடி, உரிய அனுமதி பெற்று, முறையாக இறங்கினால் என்ன?

கயிற்றோடு மணலையும் இனாமாகக் கொடுத்த காலம் போகட்டும். கையில் இருப்பதன் மதிப்பை இனியாவது அறிந்து கொள்வோமா?