தோற்றவர் பெயரில் ஒரு தித்திப்பு

வென்றவர்களின் பெயரைச் சாலைகளுக்கும் சதுக்கங்களுக்கும் சூட்டுவது உலக வழக்கம். பிரேசில் நாட்டிலோ தேர்தலில் தோற்ற ஒருவரின் பதவிப் பெயர், அந்நாட்டுக் குழந்தைகள் அனைவரும் விரும்பும் இனிப்பின் பெயராக நிலைத்துவிட்டது. 'பிரிகடெய்ரோ' என்னும் அந்த இனிப்பு, சுண்டக் காய்ச்சிய பாலும் கோகோவும் வெண்ணெயும் சேர்த்துக் கிளறி, சிறு நெல்லிக்காய் அளவில் உருட்டப்படுவது. நம் வீட்டுத் திரட்டுப்பாலுக்கு அது தூரத்து உறவு எனலாம்.

பிரிகடெய்ரோ என்பது அந்நாட்டு விமானப் படையின் உயர்பதவிகளுள் ஒன்று. அப்பதவி வகித்த எதுவார்தோ கோமெஸ், 1922-இல் ரியோ நகரின் கோப்பகபானா கோட்டையில் எழுந்த கிளர்ச்சியில் பங்கேற்றுக் கடுங்காயத்துடன் உயிர் பிழைத்தவர். 1931-இல் தொடங்கிய இராணுவ விமான அஞ்சல் சேவையை உருவாக்குவதில் முன்னின்றவர். 1945 டிசம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் அவர் வேட்பாளராக நின்றார். அவரை ஆதரித்த பெண்கள் இந்த இனிப்பைச் செய்து விற்றுப் பிரசாரத்துக்குப் பணம் திரட்டினர் என்றும், அதனாலேயே இப்பெயர் வந்தது என்றும் வழங்கி வருகிறது. பிரேசில் பெண்கள் வாக்குரிமை பெற்றது 1932-இல்தான் என்பதை எண்ணிப் பார்த்தால், அந்தப் பலகாரத் தட்டின் பொருள் நமக்கு நன்கு விளங்கும்.

தேர்தலில் கோமெஸ் தோற்றார். வென்றவர் துத்ரா என்னும் இராணுவத் தளபதி. 1950-இல் மீண்டும் நின்றார், மீண்டும் தோற்றார். ஆயினும் அவர் ஒதுங்கிவிடவில்லை. பின்னர் இருமுறை விமானத் துறை அமைச்சராகப் பணியாற்றினார். கேட்ட பதவி கிட்டாதபோதும் கிட்டிய பணியைச் செய்து முடிப்பது எளிதன்று. ஒரு தேர்விலோ நேர்முகத்திலோ தோற்ற பிள்ளைகள் உள்ள இல்லங்களில், இந்த இனிப்பைக் கொடுக்கும்போது இக்கதையையும் சேர்த்துச் சொல்லலாம்.

இனிச் செய்முறைக்கு வருவோம். அடிகனமான பாத்திரத்தில் சுமார் 400 கிராம் இனிப்பூட்டிய சுண்டிய பால், ஒரு மேசைக்கரண்டி வெண்ணெய், மூன்று மேசைக்கரண்டி கோகோப் பொடி ஆகியவற்றைக் கட்டியின்றிக் கலந்து, மெல்லிய தீயில் வைத்துக் கைவிடாமல் கிளற வேண்டும். பத்துப் பன்னிரண்டு நிமிடங்களில் கலவை அல்வாவைப் போல் பாத்திரத்தின் அடியை விட்டுச் சுருண்டு வரும். அதுவே பதம். அதற்கு முன்னே இறக்கினால் உருண்டை நிற்காது, பிந்தினால் கல்லாகிவிடும். வெண்ணெய் தடவிய தட்டில் கொட்டி முற்றிலும் ஆறவிட்டு, உள்ளங்கையிலும் வெண்ணெய் தடவிக்கொண்டு உருட்டிச் சாக்லெட் துருவலில் புரட்டி எடுத்தால் ஏறத்தாழ முப்பது உருண்டைகள் கிடைக்கும். முட்டை சேராத இனிப்பு என்பதால் நம் இல்லங்களுக்கும் ஏற்றதே. புட்டிப் பால் கொண்டு செய்வதால் நைவேத்தியத்துக்கு வேண்டாம். பிள்ளைகளின் பிறந்தநாளுக்கு வைத்துக்கொள்ளலாம்.

கோகோவை நீக்கி 100 கிராம் தேங்காய்த் துருவல் சேர்த்தால் அது 'பெய்ஜின்யோ', அதாவது 'சின்ன முத்தம்'. ஒவ்வோர் உருண்டையின் தலையிலும் ஒரு கிராம்பு செருகுவார்கள். வறுத்துப் பொடித்த நிலக்கடலையைச் சேர்த்து முந்திரிப் பழ வடிவில் பிடித்து, முனையில் ஒரு பருப்பைப் பதித்தால் அது 'கஜுசின்யோ', 'சின்ன முந்திரி'. முந்திரி மரத்தின் தாயகம் பிரேசிலின் வடகிழக்குப் பகுதி. 16-ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கீசியர் அதை நம் மேற்குக் கரைக்குக் கொணர்ந்தனர். இன்று பண்ருட்டியின் பெயர் சொல்லும் பயிர் அதுவே. தேங்காயும் மாம்பழமும் அவர்கள் கப்பல்களிலேயே பிரேசிலுக்குச் சென்று சேர்ந்தன. கொடுத்ததும் வாங்கியதும் ஒரே தட்டில் அமர்ந்திருக்கின்றன.

பழங்கள் சேர்ப்பதில் சற்று எச்சரிக்கை தேவை. அன்னாசியைப் பச்சையாகச் சேர்த்தால் அதிலுள்ள நொதி பாலின் புரதத்தைச் சிதைத்துக் கசப்பேற்றும். தனியே நன்கு கொதிக்க வைத்து நீர் வற்றிய பின்னரே சேர்க்க வேண்டும். மலைப்பகுதிகளில் தாட்பூட் பழம் எனப்படும் பேஷன் பழத்தின் சாறு புளிப்பு மிக்கது. அதைப் பாதியாகச் சுண்டக் காய்ச்சி, கலவை இறுகத் தொடங்கும் வேளையில் சிறிது சிறிதாகச் சேர்ப்பது நலம். மாம்பழக் கூழையும் முன்னதாக வற்ற வைத்துக்கொள்க. பருப்பு வகைகளை வறுத்து, இறக்கும் தறுவாயில் கலந்தால் மொறுமொறுப்புக் குன்றாது.

பிரேசில் பருப்பு எனப்படும் விதையைப் பற்றியும் ஒரு சொல். அமேசான் காட்டில் நாற்பது மீட்டருக்கும் மேல் வளரும் மரத்தின் காயிலிருந்து கிடைப்பது அது. அதன் மலர்களில் மகரந்தம் சேர்க்கப் பெரிய காட்டு வண்டுத்தேனீக்கள் வேண்டும். கடினமான ஓட்டைக் கடித்துத் திறந்து விதையைப் புதைத்து வைக்க 'அகூட்டி' என்னும் கொறிவிலங்கு வேண்டும். ஆகவே அப்பருப்பில் பெரும்பகுதி இன்றும் காட்டிலிருந்தே பொறுக்கிச் சேர்க்கப்படுகிறது. காடு நின்றால்தான் பருப்பு. பருப்புக்கு விலை கிடைத்தால்தான் பொறுக்குவோருக்கு வாழ்வு.

அங்கே ஆண்டுதோறும் செப்டம்பர் 27 அன்று, புனிதர்கள் கோஸ்மே, தாமியாவோ ஆகியோரின் நினைவாக, வேண்டுதல் நிறைவேறியவர்கள் இனிப்புப் பொட்டலங்களைத் தெருக் குழந்தைகளுக்கு வழங்குவர். ரியோ நகரில் குழந்தைகள் பையுடன் வீடு வீடாக வருவர். யார் பிள்ளை என்று கேட்காமல் கொடுப்பதே மரபு. நேர்த்திக்கடன் என்னும் சொல் நமக்குப் புதிதா என்ன?

வங்கியில் சிறுதொழில் கடன் விண்ணப்பங்களைப் பல்லாண்டு பரிசீலித்தவன் என்பதால், இந்த இனிப்பின் மற்றொரு பக்கமும் என் கவனத்தை ஈர்த்தது. வீட்டிலிருந்தே இதைச் செய்து விற்றுக் குடும்பம் நடத்தும் பெண்கள் அந்நாட்டில் ஏராளம். 2008-ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, தனிநபர் சிறுதொழில் செய்வோர் எளிய முறையில் பதிவு செய்துகொள்ளலாம். குறைந்தபட்ச ஊதியத்தில் 5 விழுக்காட்டை மாதந்தோறும் சமூகக் காப்புக்குச் செலுத்தினால் நோய்க்கால உதவி, மகப்பேற்று உதவி, முதுமை ஓய்வூதியம் ஆகியவை உண்டு. அடுப்படியில் நிற்பவருக்கும் முதுமை வரும் என்பதை ஒரு சட்டம் நினைவில் வைத்திருக்கிறது.

பலகாரம் செய்து விற்கும் நம் சகோதரிகள் விலை வைக்கும்போது பால், சர்க்கரை, நெய் ஆகியவற்றைச் சரியாகக் கணக்கிடுவார்கள். எரிவாயுவை ஓரளவு கணக்கிடுவார்கள். தம் உழைப்பு நேரத்தை மட்டும் எழுதவே மாட்டார்கள். அவ்வரியை எழுதாத கணக்கில் இலாபம்போல் தெரிவது பெரும்பாலும் அவர்களுடைய கூலிதான். நின்று கிளறிய மணிகளுக்கும் ஒரு தொகை எழுதுங்கள். அதில் ஒரு பகுதியை மாதந்தோறும் தனிக்கணக்கில் சேர்த்து வாருங்கள். வாங்குவோருக்கும் ஒரு விண்ணப்பம்: தெரிந்த வீட்டுப் பெண்மணிதானே என்று பேரம் பேசாதீர்கள். கடையில் கேட்காத தள்ளுபடியை அவரிடமும் கேட்க வேண்டாம்.