வாயில் கொழுக்கட்டை இல்லை

மதுரை பேச்சால் நடக்கும் ஊர். அமெரிக்கன் கல்லூரியில் தமிழ்ப் பேராசிரியராக இருந்த சாலமன் பாப்பையாவின் பட்டிமன்றங்களைக் கேட்டு வளர்ந்த ஊர். நாலு பேருக்கு நடுவில் பட்டென்று பதில் சொல்கிறவன்தான் இங்கே கெட்டிக்காரன். ஆட்டிசம் உள்ள ஒரு பையன் வண்டியூரில் ஏதாவதொரு மளிகைக் கடை முன் நின்று, சொல்ல வந்ததை முணுமுணுத்து, பாதிச் சொல்லை விழுங்கினால் ‘வாயில என்ன கொழுக்கட்டையா?’ என்று கேட்காத கடைக்காரர் அபூர்வம். அது வெறும் கேலி என்றால் விட்டுவிடலாம். அதற்குப் பின்னால் ஒரு கொள்கையே இருக்கிறது: இவனுக்குப் பேச்சு வரும், மனசு வைக்க மாட்டேன் என்கிறான், அதட்டினால், காக்கவைத்தால், கேட்டதைக் கொடுக்காமல் இருந்தால் பேசிவிடுவான், படம், அட்டை, டேப்லெட் என்று வேறு வழி காட்டினால் இருக்கிற பேச்சும் போய்விடும், தெளிவாகச் சொல்லத் தெரியாதவனுக்கு உள்ளே அப்படி என்ன தெரிந்திருக்கப் போகிறது? உறவினர் மட்டும் இல்லை, பள்ளி ஆசிரியர்களும், சில சமயம் பயிற்சி கொடுக்க வருகிறவர்களும் இதை நம்புகிறார்கள். நல்லெண்ணத்தோடுதான் நம்புகிறார்கள். ஆனால் இதில் ஒரு வரிகூட ஆதாரத்துக்கு முன் நிற்காது.

இந்தக் கொள்கைக்கு இருக்கும் மிக வலுவான சாட்சியத்தையே முதலில் எடுத்துக்கொள்வோம். ‘நேத்து வீட்டுல நல்லாத்தேன் பேசுனான், இன்னைக்குக் கடையில மட்டும் என்ன வந்துச்சு?’ நேற்று முடிந்தது இன்று முடியவில்லை என்றால் அது திமிராகத்தானே இருக்க வேண்டும் என்பது வாதம். ஒரு வாக்கியம் வெளியே வருவதற்குள் நடக்கிற வேலைகளைப் பிரித்துப் பார்த்தால் இந்த வாதம் தங்காது. சொல்லைத் தேட வேண்டும், அடுக்க வேண்டும், மூச்சை அளக்க வேண்டும், நாக்கும் உதடும் குரல்வளையும் நொடியின் சிறு பகுதிக்குள் ஒன்றையொன்று பிடித்துக்கொள்ள வேண்டும்; அதே நேரத்தில் எதிராளி சொல்வதையும் கேட்க வேண்டும். ஆட்டிசம் உள்ளவர்களில் பலருக்கு இந்தச் சங்கிலியில் எங்காவது ஒரு கண்ணி தளர்ந்திருக்கிறது. 2001இல் அமெரிக்காவில் ஷ்ரிபர்க் குழுவினர் சரளமாகப் பேசக்கூடிய ஆட்டிச ஆண்கள் 30 பேரின் பேச்சை ஆராய்ந்தபோது, ஏறத்தாழ மூன்றில் ஒருவரிடம் உச்சரிப்புப் பிசகு வளர்ந்த பிறகும் நீடித்திருந்தது; ஓசை நயமும் அழுத்தமும் இடம் மாறி விழுந்தன. இரைச்சலுக்கு நடுவே பேச்சைப் பிரித்துக் கேட்பது இவர்களுக்குக் கூடுதல் கடினம் என்று 2004இல் வந்த இன்னொரு ஆய்வு காட்டியது. ரிங் ரோட்டில் லாரிகள் இரைய, பக்கத்தில் இன்னொருவர் ‘அண்ணே, ஒரு பால் பாக்கெட்’ என்று கையை நீட்ட, வீட்டிலிருந்தே மனசுக்குள் சொல்லிச் சொல்லிக் கொண்டுவந்த ‘அரைக் கிலோ துவரம் பருப்பு’ எப்படியோ நாக்கு நுனிவரை வந்துவிடுகிறது. அந்த நேரம் பார்த்துக் கடைக்காரர் ‘சில்லற இருக்கா?’ என்கிறார். ஒத்திகையில் இல்லாத கேள்வி அது. அதற்குப் பதில் தேடப் போகும்போது துவரம் பருப்பும் சேர்ந்து கலைந்துவிடுகிறது. வீட்டின் அமைதியில் வந்த பேச்சு இங்கே வராததற்கு இவ்வளவு காரணம் கண்ணெதிரே இருக்கிறது. சுமை ஏற ஏறத் திறன் இறங்குவது இந்தக் குறைபாட்டின் இயல்பு. நாளுக்கு நாள் மாறுவதைப் பொய்க்குச் சாட்சியாகக் காட்டுகிறவர்கள், திக்குவாய் உள்ளவர் பாடும்போது திக்காததையும் நடிப்பு என்று சொல்லத் தயாரா?

சரி, இதெல்லாம் வயதானால் சரியாகிவிடும், பொறுத்திருங்கள் என்பவர்கள் இன்னொரு கட்சி. வசம்பை உரைத்து நாக்கில் தடவுவதும், நாக்கு ஒட்டியிருக்கிறது என்று அடிநாக்குச் சவ்வை வெட்டச் சொல்வதும் இந்தக் கட்சியின் கைவேலைகள். நாக்கின் அடிச் சவ்வு சில ஒலிகளை மழுங்கச் செய்யலாம்; கடை முன்னால் வாக்கியம் கலைந்துபோவதற்கும் அதற்கும் ஒரு தொடர்பும் இல்லை. இந்தக் கட்சி மேற்கோள் காட்டுவது புலவர் குமரகுருபரரை. ஐந்து வயது வரை பேசாதிருந்த குழந்தை திருச்செந்தூரில் வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது என்பது வழக்கு. பிற்காலத்தில் அவர் மீனாட்சியம்மை பிள்ளைத்தமிழை அரங்கேற்றியது மதுரையில், திருமலை நாயக்கர் முன்னிலையில். வண்டியூர்த் தெப்பக்குளத்தை வெட்டிய அதே நாயக்கர்தான். பேச்சு தாமதமான பிள்ளையின் தாயிடம் இந்தக் கதையைச் சொல்வது ஆறுதலுக்காக என்றால் ஆட்சேபம் இல்லை. வைத்திய ஆலோசனையாகச் சொல்லும்போதுதான் ஆபத்து. 2013இல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, நான்கு வயதில் பேச்சு கடுமையாகப் பின்தங்கியிருந்த 535 ஆட்டிசக் குழந்தைகளை எட்டு வயதிலும் அதற்குப் பிறகும் கணக்கெடுத்தது. 70 விழுக்காட்டினர் சொற்றொடர்களாகவாவது பேசினர். 47 விழுக்காட்டினர் சரளமாகப் பேசினர். நம்பிக்கை தரும் எண்தான். ஆனால் பத்தில் மூன்று பேர் சொற்றொடர் நிலையையே எட்டவில்லை என்பதையும் அதே எண்தான் சொல்கிறது. அந்த மூன்று பேர் எத்தனை வருஷம் ‘பொறுத்திருக்க’ வேண்டும், அதுவரை தாகம் எடுத்தால், பல் வலித்தால் யாரிடம் எப்படிச் சொல்ல வேண்டும் என்று பொறுக்கச் சொல்கிறவர்கள் சொல்வதில்லை. குமரகுருபரர் கதையையே ஒரு நிமிஷம் நம்பினாலும் அது எதைச் சொல்கிறது? வாய் திறந்த அன்றே கலிவெண்பா வந்தது என்றால், அருள் ஒருபுறம் இருக்கட்டும், வாய் மூடியிருந்த காலத்திலும் உள்ளே தமிழ் இருந்திருக்கக்கூடும் என்று நம் மரபே ஒப்புக்கொள்கிறது.

அந்த இடத்தில்தான் அடுத்த கூற்று உடைகிறது: பேச்சு தெளிவில்லை என்றால் அறிவும் தெளிவில்லை. பெரும்பாலும் இது ஒரு பரீட்சைக் கோளாறு. கனடாவில் கூர்ஷேன் குழுவினர் 2015இல் மிகக் குறைவாகப் பேசும் 30 ஆட்டிசக் குழந்தைகளைச் சோதித்தார்கள். வாய்மொழியை நம்பியிருக்கும் வழக்கமான நுண்ணறிவுத் தேர்வை ஒரு குழந்தையாலும் முடிக்க முடியவில்லை. வடிவங்களைப் பொருத்துவது, படத்துக்குள் மறைந்திருக்கும் உருவத்தைக் கண்டுபிடிப்பது போன்ற தேர்வுகளை வைத்தபோது பெரும்பாலான குழந்தைகள் ஒன்றையாவது முடித்தனர். அவர்களில் கணிசமானவர்கள் சராசரிக் குழந்தைகளின் எல்லைக்குள்ளேயே இருந்தனர். வேறு கேள்வித்தாள் கொடுத்தவுடன் ‘ஒன்றும் தெரியாதவன்’ காணாமல் போகிறான். பெரியவர்கள் விஷயத்தில் இன்னும் கூர்மையான சான்று 2017இல் சாசன் குழுவினர் வெளியிட்டது. ஆட்டிசம் உள்ளவர்களும் இல்லாதவர்களும் பேசியதைச் சிலருக்கு ஒலியாகவும், காணொளியாகவும், படமாகவும், எழுத்தில் பெயர்த்த வடிவமாகவும் கொடுத்து, இவரோடு பழக விருப்பமா என்று கேட்டார்கள். ஒலியிலும் காணொளியிலும் ஆட்டிசம் உள்ளவர்களுக்குக் குறைவான மதிப்பெண். வெறும் எழுத்தைப் படித்தவர்களிடம் அந்த வேறுபாடே இல்லை. சொன்ன விஷயம் ஒன்றுதான். குரல் மாறியதும் ஆள் மட்டமாகிவிடுகிறார். எடின்பரோவில் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் செய்த சோதனையையும் இங்கே சேர்க்க வேண்டும். ஒருவர் கதையை அடுத்தவரிடம் சொல்ல, அவர் அடுத்தவரிடம் சொல்ல, இப்படிச் சங்கிலியாகப் போனபோது, ஆட்டிசம் உள்ளவர்கள் மட்டுமே இருந்த சங்கிலியில் தகவல் மற்றவர்களின் சங்கிலியைப் போலவே பத்திரமாகப் போய்ச் சேர்ந்தது. இரு தரப்பும் கலந்த சங்கிலியில்தான் அதிகம் சிதைந்தது. ‘அவன் பேசுறது வெளங்கல’ என்பதில் பாதிப் பங்கு விளங்கிக்கொள்ளத் தெரியாத காதுக்கு உண்டு.

இனி வீடுகளில் அதிகம் சேதம் விளைவிக்கிற நம்பிக்கைக்கு வருவோம். பட அட்டையோ, தொட்டால் குரல் கொடுக்கும் டேப்போ கொடுத்துவிட்டால் பிள்ளை சோம்பேறியாகி அப்புறம் பேசவே மாட்டான் என்ற பயம். பயத்தில் நியாயம் இருப்பதுபோலத்தான் தோன்றும். சுலபமான வழி கிடைத்தால் யார் கஷ்டமான வழியில் போவார்? ஆனால் பேசுவது உடம்புக்கு எளிதாக வருகிறவருக்கு விரலால் தட்டுவதுதான் சுற்றுவழி. வாய் எட்டாத இடத்துக்கு மட்டுமே விரல் போகிறது. மில்லர், லைட், ஷ்லோசர் மூவரும் 2006இல், அதுவரை வந்திருந்த ஆய்வுகளைத் தொகுத்து, கறாரான முறையில் நடந்த ஆறு ஆய்வுகளின் 27 பேரைத் தனியே எடுத்துப் பார்த்தார்கள். 89 விழுக்காட்டினரின் பேச்சு முன்னேறியது, 11 விழுக்காட்டினரிடம் மாற்றம் இல்லை, ஒருவருக்கும் குறையவில்லை. 2014இல் கசாரி குழுவினர் ஐந்திலிருந்து எட்டு வயதுக்குள் இருந்த 61 குழந்தைகளை இரண்டாகப் பிரித்து, ஒரே பயிற்சியை ஒரு பிரிவுக்குக் குரல் கருவியோடும் இன்னொன்றுக்குக் கருவி இல்லாமலும் கொடுத்தார்கள். கருவியோடு தொடங்கிய குழந்தைகளே தாமாகச் செய்தி சொல்ல அதிகம் முன்வந்தார்கள். இந்த முன்னேற்றங்கள் பெரும்பாலும் சிறியவை என்பதையும் மறைக்கக் கூடாது. டேப் வாங்கினால் பேச்சு கொட்டும் என்று விற்கிறவரை நம்ப வேண்டாம். டேப் பேச்சைக் கெடுக்கும் என்கிறவரையும் நம்ப வேண்டாம். இது அமெரிக்கச் சமாச்சாரம், நமக்கு ஒத்துவராது என்று சொல்லவும் வழியில்லை. ‘ஆவாஸ்’ என்ற குரல் செயலி சென்னையில் பிறந்தது, ஐ.ஐ.டி. மெட்ராஸில் படித்த அஜித் நாராயணன், மாற்றுத்திறனாளிகளுக்கான வித்யாசாகர் அமைப்பின் பிள்ளைகளோடு இருந்து பார்த்து உருவாக்கியது. அதற்கும் காசில்லை என்றால் காலண்டர் அட்டையின் பின்புறம் நாலு படம் வரைந்து ஒட்டினாலே ஆரம்பித்துவிடலாம்.

இங்கே எதிர்த்தரப்பின் நியாயமான ஆட்சேபம் ஒன்று உண்டு. அதைத் தள்ளிவிட்டுப் போக முடியாது. பேசாதவர் எழுதியதாகச் சொல்லப்படுவது உண்மையில் அவர் எழுதியதுதானா? பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு தட்டச்சு செய்யவைக்கும் முறை மேற்கு நாடுகளில் 1990களில் பெரிய அலையாக அடித்தது. பிள்ளைக்கு ஒரு படத்தையும் கை பிடிப்பவருக்கு வேறொரு படத்தையும் காட்டிச் சோதித்தபோது, விடை மீண்டும் மீண்டும் கை பிடித்தவர் பார்த்த படமாகவே வந்தது. அத்தோடு அந்த முறையின் சாயம் வெளுத்தது. 2018இல் அமெரிக்கப் பேச்சு-மொழி-செவித்திறன் சங்கம் அந்த முறையையும், கையில் எழுத்துப் பலகையைப் பிடித்துக்கொண்டு விரைவாகத் தூண்டும் முறையையும் பயன்படுத்த வேண்டாம் என்று அறிவித்தது. இரண்டாவது முறையை உருவாக்கிய சோமா முகோபாத்யாயும், கர்நாடகத்தில் வளர்ந்த அவர் மகன் டிட்டோவும் நம் நாட்டுக்காரர்கள். டிட்டோவின் ‘பியாண்ட் தி சைலன்ஸ்’ 2000இல் பிரிட்டனில் வெளியானது. மிகக் குறைவாகவே பேசக்கூடிய டிட்டோ தன் கையால் எழுதக் கற்றவர். அவர் எழுதியது ஒன்று, அந்த முறை எல்லாருக்கும் பலிக்கும் என்ற விளம்பரம் வேறொன்று. எனவே அளவுகோல் தெளிவானது: யாரும் தொடாமல், பலகையை அசைக்காமல், அவரே தேர்ந்தெடுக்கிறாரா? ஆம் என்றால் அது அவர் பேச்சு. சந்தேகத்துக்குரிய ஒரு முறையைக் காட்டி, தானே வாட்ஸப்பில் தங்கிலீஷில் தட்டி அனுப்புகிறவனையும் சேர்த்து நம்ப மறுப்பது என்ன நியாயம்?

கடைசியாக நடைமுறை வாதிகள். உலகம் மாறாது, அவன்தான் மாறிக்கொள்ள வேண்டும் என்பார்கள். உலகம் ஏற்கெனவே மாறிவிட்டதை அவர்கள் கடைக் கல்லாவிலேயே பார்க்கலாம். பணம் வந்து சேர்ந்ததை இப்போது வாடிக்கையாளர் வாய் திறந்து சொல்வதில்லை; ஒரு சின்னப் பெட்டி சொல்கிறது, கடைக்காரர் தலையாட்டுகிறார். இயந்திரக் குரலை நம்பிப் பொட்டலம் கட்டத் தெரிந்த அதே கடைக்கு, பையன் செல்போனில் எழுதிக் காட்டுவதைப் படிக்க மட்டும் நேரமில்லையா? சட்டமும் இதைக் கருணைக் கணக்கில் விட்டுவைக்கவில்லை. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தைத் தன் 21 வகைகளில் ஒன்றாகச் சேர்த்ததோடு, 17ஆம் பிரிவில் பேச்சுக்குத் துணையாகவும் மாற்றாகவும் உள்ள தொடர்பு முறைகளைக் கல்வியில் ஊக்குவிக்க வேண்டும் என்று அரசுக்கும் உள்ளாட்சிக்கும் கடமை விதிக்கிறது. ஓட்டை வேறு இடத்தில் இருக்கிறது. சான்றிதழுக்குப் பயன்படும் இந்திய ஆட்டிச மதிப்பீட்டு அளவுகோலில் 40 கேள்விகள். பேச்சு, மொழி பற்றிய பகுதியில் வந்த பேச்சு நின்றுபோனதா, கேட்டதையே திருப்பிச் சொல்கிறாரா, உரையாடலைத் தொடங்கித் தொடர முடியவில்லையா என்றெல்லாம் உண்டு. சொல்ல வேண்டியது முழுதும் தெரிந்திருந்தும் தெளிவாகக் குரலில் கொண்டுவர முடியாமல் போகிறதா என்று நேராகக் கேட்கும் கேள்வி இல்லை. பேசத் தெரிந்த, ஆனால் வேண்டிய நேரத்தில் பேச்சு கைவிட்டுவிடுகிற இளைஞர் இதனால் காகிதத்தில் சாதாரண ஆளாகிவிடுகிறார். கல்லூரி வைவாவிலும் வேலைக்கான நேர்காணலிலும் அசடாகிவிடுகிறார். எழுதிப் பதில் சொல்ல விட்டால் மற்றவர்களுக்கு அநியாயம் இல்லையா என்று ஒரு தேர்வாளர் கேட்கலாம். வைவா சோதிப்பது பாடத்தை என்றால், கேள்வியை அங்கேயே கேட்டு, அங்கேயே கண்ணெதிரில் தட்டச்சில் வாங்கிய பதிலால் யாருக்கும் நஷ்டமில்லை. சோதிப்பது குரலைத்தான் என்றால் விஷயம் வேறு. செய்தி வாசிப்பவரிடம் தெளிவான உச்சரிப்பைக் கேட்கலாம், கேட்கத்தான் வேண்டும். கணக்கெழுதப் போகிறவரிடமும் புரோகிராம் எழுதப் போகிறவரிடமும் அதைக் கேட்பதற்கு என்ன காரணம் என்பதை, கேட்கிறவர்தான் முதலில் சொல்ல வேண்டும்.