புதுப் போனுக்கு நாள் குறித்தாயிற்று. கூலிக்கு நாள் எப்போது?

ஆடிப் பட்டம் தேடி விதை என்பது நம் பழமொழி. பெரம்பலூர், அரியலூர்ச் சீமையில் மானாவாரிக் காட்டிலே மக்காச்சோளமும் பருத்தியும் ஊன்றுகிற அந்தப் பருவத்தில், கடல் கடந்த ஒரு கம்பெனியும் விதைக்கத் தொடங்கிவிடுகிறது. அது விதைப்பது சோளமல்ல, பருத்தியுமல்ல. வெறும் பேச்சு!

அமெரிக்காவின் ஆப்பிள் கம்பெனி பெரும்பாலும் செப்டம்பர் மாதத்தில் தன் புதிய ஐபோனை அறிவிக்கிறது. அதற்குப் பல மாதங்கள் முன்பே புரளி கிளம்பிவிடுகிறது. என்ன நிறம்? எத்தனை காமிரா? தடிமன் குறையுமா? விலை ஏறுமா? யாரோ ஒருவர் "படம் கசிந்துவிட்டது" என்கிறார். இன்னொருவர் "அது பொய், நான் சொல்வதே மெய்" என்கிறார். கம்பெனி மட்டும் வாய் திறப்பதில்லை. ஏன் திறக்க வேண்டும்? ஊரே சம்பளமில்லாமல் அதற்குத் தமுக்கு அடிக்கும்போது, வாயை மூடிக்கொண்டிருப்பதுதானே லாபம்!

2025ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் தேதி ஐபோன் 17 அறிவிக்கப்பட்டது. 19ஆம் தேதி விற்பனை. மும்பையில் கடை வாசலில் விடியுமுன்பே கூட்டம். வரிசையில் கைகலப்பும் நடந்தது. பத்திரிகைகள் படம் போட்டுக் கொண்டாடின. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய்க்கு நிற்கிற நம் தாய்மாரின் வரிசையை எந்தப் பத்திரிகை இப்படிக் கொண்டாடியது?

அந்தப் போனின் ஆரம்ப விலை 82,900 ரூபாய். நூறு நாள் வேலைக்குத் தமிழ்நாட்டில் 2025-26ஆம் ஆண்டுக்கு அறிவித்த கூலி நாளொன்றுக்கு 336 ரூபாய். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 247 நாள் கூலி! ஆண்டுக்கு நூறு நாளும் முழுசாக வேலை கிடைத்து, ஒரு காசு கூடச் செலவழிக்காமல் வைத்தாலும் இரண்டரை ஆண்டு ஆகும். அந்த நூறு நாள் சட்டத்தையே எடுத்துவிட்டு வேறு சட்டம் வைக்க 2025 டிசம்பரில் மத்திய சர்க்கார் நாடாளுமன்றத்தில் வழி செய்தது. அது எப்படி வரப்போகிறது, யாருக்கு வேலை போகும் என்று மூன்று மாதம் முன்பிருந்தே பரபரப்பாக எழுதியவர் எத்தனை பேர்?

நாம் போனுக்கு விரோதிகள் அல்ல. போன் இன்று பணக்காரர் வீட்டுப் பண்டமும் அல்ல. 2023 ஜனவரி 1 முதல் நூறு நாள் வேலைத் தளத்தில் ஆஜர் பதிவதற்கே போனில் படம் எடுக்க வேண்டுமென்று கட்டாயமாக்கினார்கள். வெளியூரில் வேலை செய்யும் மகளின் குரலைக் கேட்கத் தாய்க்குப் போன் வேண்டும். விஞ்ஞானம் மனிதகுலத்தின் சொத்து. அதை உழைப்பாளி அனுபவிக்கக் கூடாது என்று சொல்பவன் உழைப்பாளியின் நண்பனல்ல. நாம் கேட்பது வேறு கேள்வி. இந்தப் போனைப் பற்றி உலகமெல்லாம் இவ்வளவு பேசுகிறதே, அதைச் செய்கிற கையைப் பற்றி யார் பேசுகிறார்கள்?

ரகசியம் யாருக்குத் தெரியும்?

2023ஆம் ஆண்டு முதல், புதிய ஐபோன் விற்பனைக்கு வருகிற அன்றே இந்தியாவில் பூட்டிய போனும் கடைக்கு வந்துவிடுகிறது. அன்று கடையில் இருக்க வேண்டுமானால், வாரக்கணக்கில் முன்பே ஆலையில் பூட்டியாக வேண்டும். எங்கே பூட்டுகிறார்கள்? ஸ்ரீபெரும்புதூரில், தைவான் முதலாளியின் பாக்ஸ்கான் ஆலை அவற்றில் முக்கியமானது. பூட்டுகிறவர்கள் யார்? பெரும்பாலும் இளம் பெண்கள். தமிழ்நாட்டின் கிராமங்களிலிருந்து பஸ் ஏறிப் போனவர்கள். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. ஆனால் சென்னை நெடுஞ்சாலை உண்டு. அந்தச் சாலையில் நம் வீட்டுப் பெண்களும் போகிறார்கள்.

ஆக, உலகத்துப் பண்டிதர்களெல்லாம் ஊகம் செய்துகொண்டிருக்கிற ரகசியம் ஒரு கூலிக்காரர் மகளின் கையில் ஏற்கெனவே இருக்கிறது! பண்டத்தைப் பற்றிய உண்மை அவளிடம் இருக்கிறது. ஆனால் அவளைப் பற்றிய உண்மை வெளியே வருவதில்லை.

ஒருமுறை வந்தது. 2021 டிசம்பர் மாதம். பாக்ஸ்கான் பெண் தொழிலாளர் தங்கியிருந்த விடுதியில் கெட்டுப்போன உணவு. 250க்கு மேற்பட்டோருக்கு நோய் கண்டது. 159 பேரை ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். யார் எங்கே இருக்கிறார், எப்படி இருக்கிறார் என்று உடன் வேலை செய்தவர்களுக்கு ஒழுங்கான பதில் இல்லை. சிலர் இறந்துவிட்டதாகப் புரளி பரவியது. 17ஆம் தேதி இரவு ஆயிரக்கணக்கான பெண்கள் சென்னை-பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். காவல்துறை பலரைப் பிடித்து வைத்தது. இறந்ததாகச் சொல்லப்பட்டவர்கள் உயிரோடு இருப்பதை மாவட்ட அதிகாரிகள் வீடியோவில் காட்டித் தெரிவிக்க வேண்டியதாயிற்று.

இந்த இரண்டு புரளிகளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். போனைப் பற்றிய புரளி, ஆசை வளர்க்கிற புரளி. அதைக் கம்பெனி தடுப்பதில்லை, அறுவடை செய்கிறது. தொழிலாளியைப் பற்றிய புரளி, வாய் மூடிய நிர்வாகமும் யூனியன் இல்லாத ஆலையும் பெற்ற பிள்ளை. "என் தோழி உயிரோடு இருக்கிறாளா?" என்று கேட்க ஒரு சங்கம் இருந்திருந்தால், அந்தப் பெண்கள் நள்ளிரவில் நடுரோட்டுக்கு வந்திருக்க வேண்டியதில்லை.

அந்தப் பெண்களின் மாதச் சம்பளம் சுமார் 10,500 ரூபாய் என்றும், ஒரு அறையில் 6 முதல் 30 பேர் வரை தங்கவைக்கப்பட்டார்கள் என்றும் அப்போது ராய்ட்டர் செய்தி நிறுவனம் எழுதியது. அந்த ஆண்டு வந்த ஐபோன் 13இன் விலை 79,900 ரூபாய். செய்கிறவளின் ஏழரை மாதச் சம்பளத்துக்கு மேல்!

மீதிப் பணம் எங்கே போகிறது? 2010ஆம் ஆண்டின் ஐபோனை எடுத்து அமெரிக்க ஆய்வாளர்களே கணக்குப் பார்த்தார்கள். விற்பனை விலை நூறு ரூபாய் என்று வைத்தால், ஆப்பிளுக்கு லாபம் 58 ரூபாய் 50 காசு. சீனத் தொழிலாளி அனைவருக்கும் சேர்த்துக் கூலி 1 ரூபாய் 80 காசு. மூலதனம் சீனாவிலிருந்து தமிழ்நாட்டுக்கு ஏன் கிளை பரப்புகிறது என்று இதற்கு மேலும் விளக்க வேண்டுமா?

முற்றிய கதிர் காத்திருக்காது

ஆனால் தோழர்களே, இந்த எதிர்பார்ப்பிலே முதலாளிக்கு ஒரு பலவீனமும் ஒளிந்திருக்கிறது. இதை நமக்கு யாரும் புத்தகம் படித்துச் சொல்ல வேண்டியதில்லை.

திருமானூர்ப் பக்கம் கொள்ளிடக் கரையில் நெல் முற்றித் தலை சாய்ந்துவிட்டால், அது மிராசுதாருக்காகக் காத்திருக்காது. மழை வந்தால் போச்சு, உதிர்ந்தால் போச்சு. அப்போதுதான் விவசாயத் தொழிலாளியின் பேச்சுக்கு விலை. எறையூர் சர்க்கரை ஆலையில் அரவை தொடங்கிவிட்டால், வெட்டிய கரும்பு வெயிலில் கிடந்து காய்ந்தால் எடையும் போகும், சர்க்கரையும் போகும். பஞ்சாலையில் தீபாவளிக்கு முன்பு போனஸ் பேசாமல் பொங்கலுக்குப் பின்பு யாராவது பேசுவதுண்டா? அறுவடைக் கூலியை உயர்த்திக் கேட்டதற்காகத்தான் 1968 டிசம்பர் 25ஆம் தேதி கீழவெண்மணியில் 44 உயிர்களைக் குடிசையில் வைத்துக் கொளுத்தினார்கள். அறுவடை நேரத்துப் பேச்சு நிலப்பிரபுவை எவ்வளவு நடுங்க வைக்கிறது என்பதற்கு அந்தச் சாம்பலே சாட்சி.

புதுப் போன் அறிவிக்கிற நாள், முதலாளியின் அறுவடை நாள். எதிர்பார்ப்பை எவ்வளவு ஊதி வளர்க்கிறானோ, அவ்வளவுக்கு அந்த நாளை அவன் தவறவிட முடியாது.

2022 இறுதியில் சீனாவின் செங்சௌ நகரில் இது வெளிச்சமாயிற்று. ஐபோன் பூட்டுகிற பெரிய பாக்ஸ்கான் ஆலையில் நோய்த் தொற்றுக் கெடுபிடி தாங்காமல் தொழிலாளர் கூட்டம் கூட்டமாக வெளியேறினார்கள். நவம்பர் 6ஆம் தேதி, ஐபோன் 14 ப்ரோ குறைவாகத்தான் வரும் என்று ஆப்பிளே வாய் திறந்து சொன்னது. அந்த மாதமே, சொன்ன போனஸ் எங்கே என்று கேட்டுப் புதிய தொழிலாளர் கிளர்ந்தபோது நிர்வாகம் மன்னிப்புக் கேட்டது. விலகிப் போகிறவர்களுக்கு 10,000 யுவான் தருவதாகவும் சொன்னது. புரளிக்கெல்லாம் பதில் சொல்லாத வாயைத் திறக்க வைத்தது எது? நின்றுபோன கை.

நம் மண்ணிலும் பாருங்கள். 2024 செப்டம்பர் 9. அன்று இரவு ஆப்பிள் ஐபோன் 16ஐ அறிவித்தது. அதே நாள் ஸ்ரீபெரும்புதூரில் இன்னொரு போன் கம்பெனியான சாம்சங்கின் தொலைக்காட்சி, குளிர்பெட்டி ஆலையில் ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளர் வேலைநிறுத்தம் தொடங்கினார்கள். பண்டிகை விற்பனைக்கு முந்திய காலம். கைது நடந்தது, பந்தலைப் பிரித்தார்கள். ஆனாலும் 37 நாள் நின்றார்கள். 2025 ஜனவரி மாதம் அவர்களுடைய சங்கம் பதிவு செய்யப்பட்டது. சங்கம் வைக்கிற சட்ட உரிமைக்கே இத்தனை பாடு என்றால், கூலிக்கு எவ்வளவு போராட வேண்டும் என்று யோசியுங்கள்!

பேசாதிருந்தால் பிழைக்குமா?

"வேலை கொடுக்கிறானே, குறை சொன்னால் ஆலையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவானே" என்று சிலர் பயமுறுத்துகிறார்கள். நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். ஒரு காலத்தில் ஊரெல்லாம் அந்தப் போனுக்குத்தான் ஏங்கியது. 2006இல் ஸ்ரீபெரும்புதூரில் ஆலை வந்தது. 2014 நவம்பர் 1ஆம் தேதி மூடியே விட்டார்கள். தொழிலாளி சங்கம் வைத்ததாலா? இல்லை. வரித் தகராறு ஒருபுறம். கம்பெனியை மைக்ரோசாப்டுக்கு விற்றபோது இந்த ஆலையை விற்பனைக்கு வெளியே நிறுத்தினார்கள் மறுபுறம். ஆயிரக்கணக்கான இளைஞரும் பெண்களும் தெருவுக்கு வந்தார்கள். முதலாளி போவதற்கும் வருவதற்கும் லாபம்தான் காரணம். நம் மௌனம் அவனைக் கட்டிப் போடாது.

சர்க்கார்கள் என்ன செய்கின்றன? 2023 ஏப்ரல் 21ஆம் தேதி தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி திறக்கும் மசோதாவை நிறைவேற்றினார்கள். தொழிற்சங்கங்கள் ஒன்றாக எதிர்த்தன. மே தினத்தன்று வாபஸ் என்று முதலமைச்சர் அறிவித்தார். ஒற்றுமையின் பலம் அது. 2024 ஆகஸ்டில் வல்லம் வடகாலில் பாக்ஸ்கான் பெண் தொழிலாளருக்கென 18,720 படுக்கைகள் கொண்ட விடுதியைத் திறந்தார்கள். நல்ல கூரை வேண்டியதுதான். 2021இல் ரோட்டில் உட்கார்ந்தவர்களின் போராட்டத்துக்கு அதில் பங்குண்டு. ஆனால் கூரை சங்கமாகிவிடாது. கல்யாணமான பெண்களை ஐபோன் ஆலையில் வேலைக்கு எடுக்காமல் ஒதுக்குகிறார்கள் என்று அதே ஆண்டு ஜூன் மாதம் ராய்ட்டர் எழுதியதே, அதற்கு விடுதி பதில் சொல்லுமா?

மத்திய சர்க்காரோ நேராகவே முதலாளி பக்கம் நின்றது. 2025 நவம்பர் 21 முதல் அமலுக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பின்படி, எந்த ஆலையிலும் நோட்டீஸ் கொடுத்து 14 நாள் கழியாமல் வேலைநிறுத்தம் செய்யக் கூடாது. சமரசப் பேச்சு நடந்துகொண்டிருந்தால் அதுவரையும் கூடாது. முன்பு பொதுப் பயன்பாட்டுத் தொழில்களுக்கு மட்டும் இருந்த நோட்டீஸ் நிபந்தனையை எல்லா ஆலைக்கும் பூட்டிவிட்டார்கள். எதற்காக? கதிர் முற்றிய வாரத்தில் அரிவாளைக் கீழே வைக்கிற உரிமையைப் பறிக்கத்தான்!

இது ஸ்ரீபெரும்புதூர்க் கதை மட்டுமல்ல. பெரம்பலூர் எறையூர் சிப்காட்டில் 2023 நவம்பரில் குரோக்ஸ் காலணி செய்யும் ஆலை திறக்கப்பட்டது. அரியலூர் ஜெயங்கொண்டத்தில் தைவான் டீன் ஷூஸ் கம்பெனிக்கு 2024 நவம்பர் 15ஆம் தேதி அடிக்கல் நாட்டினார்கள். 1,000 கோடி மூலதனம், 15,000 பேருக்கு வேலை என்று சொன்னார்கள். போனுக்கு நடக்கிற அதே வியாபாரம் காலணிக்கும் நடக்கிறது. இங்கும் பெயர் வெளிநாட்டுக்கு, வேர்வை நமக்கு.

நாம் கேட்பது

எத்தனை பேர் கண்ட்ராக்ட், எத்தனை பேர் பர்மனெண்ட் என்று ஒவ்வொரு ஆலையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். கல்யாணமான பெண்ணுக்கும் வேலை வேண்டும். சங்கத்தை அங்கீகரித்து அதனுடன் கூலி பேச வேண்டும். நோட்டீஸ் பூட்டை உடைக்க வேண்டும். உடைகிற வரையில், செப்டம்பரில் பேச வேண்டிய கூலிக்கு ஆனி மாதமே தயாராகி, நாள் கணக்குப் பார்த்து நோட்டீஸ் கொடுக்கப் பழக வேண்டும். முதலாளி ஓராண்டு முன்பே நாள் குறிக்கிறான். நாம் ஏன் கடைசி வாரத்தில் விழிக்க வேண்டும்?

சிமெண்ட் ஆலைத் தோழர்களே, வயல் தோழர்களே! ஸ்ரீபெரும்புதூரிலிருந்தும் எறையூரிலிருந்தும் உங்கள் மகள், தங்கை, அக்காள் மகள் லீவுக்கு வீடு வரும்போது, புதுப் போன் என்ன நிறமென்று கேட்க ஊரில் நூறு பேர் இருக்கிறார்கள். நீங்கள் கேளுங்கள்: சம்பளச் சீட்டில் கம்பெனி பெயர் இருக்கிறதா, கண்ட்ராக்டர் பெயர் இருக்கிறதா? சாப்பாட்டுக்கும் விடுதிக்கும் எவ்வளவு பிடிக்கிறான்? அங்கே சங்கம் இருக்கிறதா? இல்லையென்றால், வைக்க நினைக்கிற நான்கு பேரை அவளுக்குத் தெரியுமா?

தெரிந்தால், அந்த நான்கு பேரையும் அருகிலுள்ள தொழிற்சங்க அலுவலகத்துக்கு அழைத்து வாருங்கள்.