விரல்ரேகையும் மறைச்சாவியும்

சாம்பியன் ரீப்ஸில் பல வீடுகள் பொழுது விடியும் முன்பே விழித்துக்கொள்கின்றன. மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் தொடர்வண்டியைத் தவறவிட்டால் அன்றைய வேலை போய்விடும். சுரங்கம் மூடப்பட்ட 2001-ஆம் ஆண்டிற்குப் பின் நம் ஊரின் பிழைப்பு அந்த வண்டியையே நம்பியிருக்கிறது. வண்டியில் அமர்ந்திருப்போரைப் பாருங்கள். ஏறக்குறைய ஒவ்வொருவர் கையிலும் ஒரு திறன்பேசி இருக்கும். சம்பளம், கடன், பிள்ளைகளின் மதிப்பெண் சான்று, ஊரில் இருக்கும் பாட்டியின் புகைப்படம் என அனைத்தும் அதற்குள்தான் இருக்கின்றன. முன்பு தகரப் பெட்டியில் பூட்டி வைத்தவற்றை இப்போது நாம் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அலைகின்றோம்.

சென்ற மாதம் பதினொன்றாம் வகுப்பு மாணவன் ஒருவன் என்னிடம் வந்து, "ஐயா, பிளாக்செயின் உள்ள கைப்பேசியை வாங்கிவிட்டால் நம் விவரங்களை எவராலும் திருட முடியாதாமே, உண்மையா?" என்று வினவினான். நல்ல வினா. அதற்கு ஒரே சொல்லில் விடை கூற என்னால் இயலவில்லை.

பிளாக்செயின் என்பதைத் தமிழில் தொகுதிச் சங்கிலி எனலாம். சுரங்கத்தின் வருகைப் பதிவேடு ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அலுவலகத்தில் ஒரு படி மட்டும் இல்லாமல், ஊரில் ஆயிரம் பேரிடம் அதன் ஆயிரம் படிகள் இருக்கின்றன. ஒவ்வொரு பக்கத்தில் உள்ள செய்தியும் கணித முறையால் 64 எழுத்துகளும் எண்களும் கொண்ட ஒரு சுருக்கக் குறியீடாக மாற்றப்படுகிறது. அக்குறியீடு அடுத்த பக்கத்தின் தலைப்பில் எழுதப்படுகிறது. முதற்பக்கத்தில் ஒரு புள்ளியை மாற்றினாலும் அதன் குறியீடு மாறிவிடும். பின்வரும் பக்கங்கள் எவையும் பொருந்தாமற் போகும். ஆகவே, எழுதியதை எவரும் இரகசியமாகத் திருத்த இயலாது. 2008-இல் சதோசி நகமோட்டோ என்னும் புனைபெயரில் வெளியான கட்டுரையும், 2009-இல் இயங்கத் தொடங்கிய பிட்காயினும் இம்முறையை உலகறியச் செய்தன.

இதனைக் கைப்பேசியோடு இணைக்கும் முயற்சி 2018-இல் வேகம் பெற்றது. சிரின் லேப்ஸ் நிறுவனத்தின் 'ஃபின்னி', தைவான் நாட்டு எச்டிசியின் 'எக்ஸோடஸ் 1' ஆகியவை அவ்வாண்டில் அறிமுகமாயின. மறு ஆண்டில் சாம்சங் தன் கேலக்ஸி எஸ்10 வரிசையில் இவ்வசதியைச் சேர்த்தது. 2023-இல் சோலானா நிறுவனத்தார் 'சாகா' என்னும் கைப்பேசியை விற்பனைக்குக் கொண்டுவந்தனர். (நம் கோலார் மாவட்டத்து நரசாபுரத்திலும் கைப்பேசிகள் உருவாகின்றன, அவை ஐபோன்கள்.)

இக்கைப்பேசிகளின் உள்ளே உண்மையில் இருப்பது என்ன? முழுப் பதிவேடும் அதற்குள் இருப்பதாகச் சிலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அவ்வாறன்று. பதிவேட்டில் நம் பெயரால் எழுதுவதற்குரிய ஒரு மறைச்சாவியே அதில் இருக்கிறது. மிக நீண்ட எண்ணாகிய அச்சாவியை, பிற செயலிகள் எட்டிப் பார்க்க இயலாத தனி அறை ஒன்றில் கைப்பேசி பூட்டி வைக்கிறது. இந்த ஏற்பாட்டை நான் மனமாரப் பாராட்டுவேன். நம் சாவி ஏதோ ஒரு நிறுவனத்தின் கணினியில் கிடப்பதைவிட நம் கையிலேயே இருப்பது நன்று. நிறுவனத்தின் பூட்டு உடைந்தால் இலட்சக்கணக்கானோரின் சாவிகள் ஒரே இரவில் களவு போகும். நம் கைப்பேசி தொலைந்தால் இழப்பு நமக்கு மட்டுமே.

ஆனால் அந்த இழப்பு முழுமையானது என்பதை மறந்துவிடக் கூடாது. சாவியை மீட்பதற்கென 12 அல்லது 24 சொற்களை எழுதி வைத்துக்கொள்ளுமாறு இவை கூறும். அச்சொற்கள் 2048 சொற்கள் அடங்கிய ஒரு பொதுப் பட்டியலிலிருந்து எடுக்கப்படுகின்றன. சொற்கள் எழுதிய தாள் மழையில் நனைந்து அழிந்தால் முறையிட ஓர் அலுவலகமும் இல்லை. ஜப்பானியம், கொரியம், பிரெஞ்சு, செக் முதலிய மொழிகளில் இத்தகைய பட்டியல்கள் உள்ளன, தமிழில் இல்லை. எழுதப் படிக்கத் தமிழ் மட்டுமே அறிந்த நம் பாட்டிமார், பொருள் விளங்காத 24 ஆங்கிலச் சொற்களைப் பிழையின்றி எவ்வாறு காப்பாற்றுவர்? தமிழ்ப் பாடத்தில் இதனைக் குறிப்பிடாமல் விட எனக்கு மனம் வரவில்லை.

இனி அந்தரங்கத்திற்கு வருவோம். சாவி பத்திரமாக இருப்பது வேறு. அந்தரங்கம் காக்கப்படுவது வேறு. பிட்காயின் போன்ற பொதுச் சங்கிலிகளின் பதிவேடு எல்லோர் பார்வைக்கும் திறந்தே கிடக்கிறது. அதில் நம் பெயர் இருப்பதில்லை. ஒரு முகவரி எண்தான் இருக்கும். ஆயினும் அந்த எண் இன்னாருடையது என்பது ஒருமுறை வெளிப்பட்டுவிட்டால், அதன்வழி அதுவரை நிகழ்ந்த கொடுக்கல் வாங்கல் அனைத்தும் வெளிச்சத்திற்கு வந்துவிடும். பிட்ஃபினெக்ஸ் என்னும் பரிமாற்ற நிலையத்திலிருந்து 2016-இல் பெருந்தொகையான பிட்காயின் களவாடப்பட்டது. ஏறத்தாழ ஐந்தரை ஆண்டுகள் கழித்து, 2022 பிப்ரவரியில், அமெரிக்க அதிகாரிகள் பதிவேட்டின் தடத்தைப் பின்பற்றி 94,000-க்கும் மேற்பட்ட பிட்காயின்களைக் கைப்பற்றினர். கள்வர் அகப்பட்டது நன்றே. ஆனால் கள்வரைப் பின்தொடரும் அதே தடம், மருந்துக் கடைக்குப் பணம் செலுத்திய ஒரு தாயையும் பின்தொடர வல்லது.

மக்களும் இக்கைப்பேசிகளை அந்தரங்கத்திற்காகத்தான் வாங்கினரா என்பது ஐயமே. சாகா கைப்பேசி 1000 டாலர் விலையில் வெளிவந்தபோது விற்பனை மந்தமாக இருந்தது. விலையைக் குறைத்தும் பெரும்பயன் இல்லை. வாங்குவோருக்கு இலவசமாக அளிக்கப்பட்ட 'போங்க்' என்னும் மின்னாணயத்தின் மதிப்பு 2023 டிசம்பரில் திடீரென ஏறி, கைப்பேசியின் விலையையே விஞ்சியது. அதன் பிறகே கடையிருப்புத் தீர்ந்தது!

மாணவர்களே, அந்தரங்கம் என்பது பெங்களூரிலிருந்து நேற்று வந்திறங்கிய புதுச்சொல் அன்று. நம் ஊர் அதற்காக ஒருமுறை வேலையை நிறுத்தியிருக்கிறது. 1930-இல் தங்கவயல் சுரங்க நிர்வாகம் தொழிலாளர் அனைவரின் விரல்ரேகைகளையும் பதிவு செய்ய முற்பட்டது. அந்நாளில் விரல்ரேகை என்றாலே காவல்நிலையமும் குற்றவாளிகளும்தான் மக்கள் நினைவுக்கு வந்தனர். ஒருமுறை மையில் விரல் பதித்துவிட்டால், வேலையை விட்டு நீக்கப்பட்ட ஒருவர் வேறு பெயரில் மீண்டும் சேரவும் வழியில்லாமற் போகும். ஆயிரக்கணக்கான தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். அது ஏறத்தாழ மூன்று வாரங்கள் நீடித்தது. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து பிழைக்க வந்த ஏழை மக்கள், ஒடுக்கப்பட்ட சாதியினர். ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது என்ற நிலையில் இருந்தோர், தம் விரல்நுனிக் கோடுகளுக்காக அத்தனை நாள் கூலியை இழக்கத் துணிந்தனர்.

அவர்தம் எதிர்ப்பில் நான் காணும் நுட்பம் ஒன்று உண்டு. எங்கள் ரேகையை வலிமையான இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டுங்கள் என்று அவர்கள் போராடவில்லை. எடுப்பதையே எதிர்த்தனர். பிளாக்செயினைப் புகழ்வோர் பூட்டின் வலிமையைப் பற்றியே பேசுகின்றனர். எது எடுக்கப்படுகிறது, ஏன் எடுக்கப்படுகிறது என்னும் முதல் வினாவைப் பூட்டினால் தீர்க்க முடியாது.

சங்கிலியில் நம் விவரங்களை அப்படியே எழுதாமல், அவற்றின் சுருக்கக் குறியீட்டை மட்டும் எழுதினால் போதுமே எனச் சிலர் கூறுவர். நீண்ட ஆவணங்களுக்கு இது பொருந்தும். தமிழ்நாட்டு அரசு 'நம்பிக்கை இணையம்' என்னும் பிளாக்செயின் கட்டமைப்பை உருவாக்கியிருக்கிறது. சான்றிதழ்களைக் கைப்பேசியிலேயே வைத்துக்கொள்ள 'இ-பெட்டகம்' என்னும் செயலியையும் வெளியிட்டுள்ளது. ஒரு சான்றிதழ் போலியானதன்று என்பதை விரைந்து மெய்ப்பிக்க இத்தகைய முறை உதவும். ஒரு மாநிலத்தில் வேர்களும் மறு மாநிலத்தில் வாழ்வும் கொண்ட நம்மைப் போன்ற குடும்பங்களுக்கு, அலுவலகம் அலுவலகமாக அலையும் துன்பம் நன்கு தெரியும். அத்துன்பத்தைக் குறைக்கும் எதையும் நான் குறைகூற மாட்டேன்.

ஆனால் சிறிய விவரங்களுக்குக் குறியீடு திரையாகாது. நம் நாட்டுக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்கும் பத்து இலக்க எண்கள். ஆகவே, இருக்கக்கூடியவை 400 கோடி எண்களே. அத்தனைக்கும் குறியீடு கணக்கிட்டு ஒப்பிட்டுப் பார்க்க இன்றைய வலிமையான கணினிக்குச் சில நிமிடங்கள் போதும். பிறந்தநாளோ இன்னும் எளிது. நூறு ஆண்டுகளுக்கும் சேர்த்து ஏறத்தாழ 36,500 நாள்கள்தாம்.

இதனினும் என்னைக் கவலைகொள்ளச் செய்வது சங்கிலியின் மறவாமை. நம் ஊரைச் சுற்றியுள்ள சயனைடு மேடுகளைப் பாருங்கள். தங்கத்தைப் பிரித்தெடுத்த பின் கொட்டப்பட்ட அரைத்த பாறைத்தூள் அது. தங்கம் கடல் கடந்து போயிற்று, நிர்வாகங்கள் மாறின, சுரங்கமும் மூடப்பட்டது. மேடுகள் மட்டும் அங்கேயே நிற்கின்றன. பலமாகக் காற்றடிக்கும் நாள்களில் அந்தத் தூள் இன்றும் நம் வீடுகளுக்குள் வந்து படிகிறது. அழிக்க இயலாத பதிவேட்டில் எழுதப்படும் மனித விவரங்களையும் நான் அவ்வாறே காண்கிறேன். எழுதிய நிறுவனம் ஒருநாள் கதவடைத்துச் செல்லலாம். எழுத்து இருந்துகொண்டே இருக்கும்.

சட்டமோ எதிர்த்திசையில் நடக்கிறது. கர்நாடக உயர்நீதிமன்றத்தின் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி தொடுத்த வழக்கில், 2017 ஆகஸ்ட் 24 அன்று உச்சநீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகளும் அந்தரங்கம் அடிப்படை உரிமை என ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். 2018-ஆம் ஆண்டின் ஆதார் தீர்ப்பு, பள்ளியில் சேர்வதற்கு ஆதாரைக் கட்டாயமாக்கக் கூடாது என்றது. சிறுவயதில் ஆதார் பெற்றவர் 18 வயது நிறைந்தபின் ஆறு மாதங்களுக்குள் அதனை விலக்கிக்கொள்ள விண்ணப்பிக்கலாம் என 2019-ஆம் ஆண்டின் திருத்தச் சட்டம் வழி செய்தது. 2023-ஆம் ஆண்டின் எண்ணிமத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமோ, 18 வயதிற்குட்பட்டோரின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் வேண்டும் என்கிறது. கொடுத்த விவரங்களை அழிக்கக் கோரும் உரிமையையும் அளிக்கிறது. விலகவும் அழிக்கவும் உரிமை உண்டு என்று சட்டம் சொல்லும் நாட்டில், அழிக்கவே இயலாத ஏட்டில் ஒரு குழந்தையின் விவரத்தை எழுதுவது எவ்வாறு முறையாகும்? சாவி கைப்பேசியில் இருக்கட்டும். குழந்தைகளின் விவரங்கள் எவ்வடிவிலும் சங்கிலியில் ஏறக் கூடாது என்பதே என் துணிபு.

எங்கள் லைனில் நடந்த நிகழ்ச்சி ஒன்றையும் கூற வேண்டும். தொடர்வண்டியில் சென்று தையல் வேலை பார்க்கும் ஓர் அக்கா, மகளின் கட்டணத்திற்காகக் கைப்பேசிச் செயலி ஒன்றில் சிறு கடன் பெற்றார். தவணை இரண்டு நாள் தாழ்ந்தது. அவருடைய அண்ணன், சம்பந்தி, மகளின் ஆசிரியை எனப் பலருக்கும் அவரை இழிவுபடுத்தும் செய்திகள் சென்றன. கடன் பெறும் வேளையில், 'தொடர்புகளைக் காண அனுமதி' என்று திரையில் தோன்றியதை அவரே தொட்டிருக்கிறார். படித்துப் பார்க்க நேரம் இல்லை. வண்டி புறப்படும் நேரம் அது. கடன் செயலிகள் வாடிக்கையாளரின் தொடர்புப் பட்டியலைத் தொடக் கூடாது என்று ரிசர்வ் வங்கி 2022 செப்டம்பரிலேயே விதித்துவிட்டது. விதி அவருக்குத் தெரியாது. தெரிந்தவர்கள் அதனை மதிக்கவில்லை. அவர் கையில் ஆயிரம் டாலர் மதிப்புள்ள சங்கிலிக் கைப்பேசி இருந்திருப்பினும் இதுவே நிகழ்ந்திருக்கும். மறைச்சாவி தனியறையில் பத்திரமாக உறங்கிக்கொண்டிருக்க, பக்கத்து அறையிலிருந்து அண்ணனின் எண் வெளியேறியிருக்கும்.

இவற்றையெல்லாம் அம்மாணவனிடம் இத்தனை நீளமாகக் கூறவில்லை. அவன் கையிலிருந்த பழைய கைப்பேசியின் அமைப்புகளைத் திறந்து, எந்தெந்தச் செயலிக்கு எந்தெந்த அனுமதி தரப்பட்டிருக்கிறது என்று பார்க்குமாறு சொன்னேன். இருவரும் வகுப்பறைத் திண்ணையில் அமர்ந்து ஒவ்வொன்றாகப் பார்த்தோம். ஓரிடத்தில் அவன் விரல் நின்றது.

"ஐயா, கிரிக்கெட் விளையாட்டுக்கு எங்கள் அத்தையின் எண் எதற்கு?" என்றான்.