பத்து வயதுப் பையனுக்குப் பெரியவர் ஜாக்கெட்

ஆசிரியர் அவர்களுக்கு,

சென்ற இதழின் விடுமுறைச் சுற்றுலாப் பகுதியில் வந்த படத்தைப் பார்த்துவிட்டு இதை எழுதுகிறேன். கழிமுகத்து நீரில் மூன்று பேர் பலகைமேல் நின்றபடி துடுப்பு போடுகிறார்கள், பின்னால் சூரியன் எழுகிறது. அழகான படம்தான். ஆனால் மூவரில் ஒருவர்கூட லைஃப் ஜாக்கெட் அணிந்திருக்கவில்லை. ஒருவருடைய ஆரஞ்சு நிற ஜாக்கெட் பலகையின் முன்பக்கக் கயிற்றில் செருகிக் கிடக்கிறது. அவர்மேல் எனக்குக் கோபமில்லை. அவர் அதை ஏன் கழற்றினார் என்று எனக்குத் தெரியும்.

போன மாதம் நானும் என் தங்கையும் அவள் பையனும் கிழக்குக் கடற்கரைச் சாலையோரம் ஒரு கழிமுகத்துக்குப் போயிருந்தோம். பையனுக்குப் பத்து வயது. பலகைகளை வாடகைக்கு விடும் இடத்தில் ஒரு குவியலிலிருந்து ஆளுக்கொரு ஜாக்கெட்டை எடுத்துக் கொடுத்தார்கள். யாருடைய எடையையும் கேட்கவில்லை, மார்பளவையும் கேட்கவில்லை, நீச்சல் தெரியுமா என்றும் கேட்கவில்லை. பையனுக்குக் கிடைத்தது பெரியவர்களுக்கான ஜாக்கெட். இரண்டு பக்கிளில் ஒன்று உடைந்திருந்தது. அதற்குப் பதிலாக ஒரு நைலான் கயிற்றைக் கட்டிவிட்டார்கள்.

கரையிலிருந்து நாற்பது அடி போயிருப்போம். பலகை ஆடியது, அவன் விழுந்தான். ஜாக்கெட் மிதந்தது, அவன் மிதக்கவில்லை. ஜாக்கெட் அவன் காதுவரை ஏறிக்கொள்ள, அதற்குள்ளே முகம் புதைந்துபோனது. இரண்டு கைகளையும் உயர்த்தினான். உயர்த்தியதும் உடம்பு ஜாக்கெட்டைவிட்டுக் கீழே நழுவத் தொடங்கியது. நான் நீந்திப் போய்ச் சேர்வதற்குள், பக்கத்தில் வலை வீசிக்கொண்டிருந்த ஒரு அண்ணன் அவன் தலைமுடியைப் பிடித்துத் தூக்கிவிட்டார். என் தங்கை அன்றிரவு தூங்கவில்லை.

கரைக்கு வந்து கேட்டபோது வந்த பதில் இது: "அக்கா, ஜாக்கெட் குடுத்தோம்ல?" மறுநாள் அனுமதி வழங்கும் அலுவலகத்துக்குப் போய்க் கேட்டேன். "எத்தனை பலகை இருக்கோ அத்தனை ஜாக்கெட் இருக்கான்னு எண்ணிப் பார்ப்போம்மா" என்றார்கள். எண்ணுவதைத் தவிர வேறு எதையாவது பார்ப்பீர்களா என்று கேட்டேன். எழுத்துமூலம் மனு கொடுக்கச் சொன்னார்கள். கொடுத்திருக்கிறேன். அதே விஷயத்தை உங்கள் பத்திரிகை வழியாகவும் சொல்ல வேண்டியிருக்கிறது, ஏனென்றால் இது ஓர் இடத்தின் குறை அல்ல. 2023 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் சர்வதேச அலைச்சறுக்குப் போட்டி நடந்த பிறகு நம் கடற்கரையில் பலகைகள் பெருகிவருவதைக் கண்ணாரப் பார்க்கிறேன். எங்கும் அதே ஆரஞ்சுக் குவியல்தான்.

அந்த ஆரஞ்சு ஜாக்கெட் படகில் உட்கார்ந்து போகிறவர்களுக்கு ஆனது. மார்பின்மேல் தடித்த நுரைப் பாளம், கழுத்தைச் சுற்றி ஒரு மெத்தை. நின்றுகொண்டு துடுப்பு போடுகிறவருக்குத் தோளிலிருந்து இடுப்புவரை உடம்பு திரும்ப வேண்டும். முழங்கை ஒவ்வொரு வீச்சிலும் அந்தப் பாளத்தில் இடிக்கும், அக்குள் உரசிச் சிவந்துபோகும். விழுந்தவர் மறுபடி ஏறுவதற்குப் பலகைக்குக் குறுக்கே வயிற்றை வைத்துத் தவழ்ந்துதான் ஏற முடியும். முன்பக்கப் பாளம் பலகையின் ஓரத்தில் முட்டி ஆளைப் பின்னால் தள்ளும். அதனால்தான் பத்து நிமிடத்தில் கழற்றிப் பலகையில் செருகிவிடுகிறார்கள். கழற்றியவர் தண்ணீரில் விழும்போது அந்த ஜாக்கெட் பலகையோடு காற்றில் போய்விடும். மே, ஜூன் மாதக் காலை வேளைகளில் நம் கரையில் காற்று மேற்கேயிருந்து கடலை நோக்கி அடிக்கும். ஆளில்லாத பலகையை அந்தக் காற்று தள்ளிக்கொண்டு போகும் வேகத்துக்கு நல்ல நீச்சல்காரரும் ஈடுகொடுக்க முடியாது.

நின்று துடுப்பு போடுவதற்கென்றே ஜாக்கெட் இருக்கிறது. நுரை மெல்லியதாக, பல துண்டுகளாக உடம்போடு வளையும். கைத்துளை அகலமாக இருக்கும், நீளம் இடுப்புக்கு மேலேயே நின்றுவிடும். பெரும்பாலும் 50 நியூட்டன் என்று அதில் அச்சிட்டிருக்கும். அப்படியென்றால் ஏறத்தாழ 5 கிலோவைத் தூக்கி நிறுத்தும் விசை. தண்ணீரில் நம் எடையின் பெரும்பகுதியைத் தண்ணீரே தாங்கிவிடுவதால், வளர்ந்த ஒருவரின் தலையை மேலே வைத்திருக்க அது போதும். ஆனால் அது நீச்சல் தெரிந்தவருக்கு, பக்கத்தில் ஆள் இருக்கும் இடத்துக்கு. மயங்கிக் குப்புற விழுந்தவரை அது மல்லாக்கத் திருப்பாது. நீச்சல் தெரியாதவருக்குக் கழுத்துப் பட்டையோடு கூடிய 100 நியூட்டன் ஜாக்கெட்தான் வேண்டும், அசௌகரியமாக இருந்தாலும். இந்த வேறுபாட்டைச் சொல்லிக் கொடுக்கும் ஒருவரைக்கூட நான் அங்கே பார்க்கவில்லை.

இடுப்பில் பை மாதிரிக் கட்டிக்கொள்ளும் ஒரு வகையும் வந்திருக்கிறது. கயிற்றை இழுத்தால் சிறு உருளையிலுள்ள கரியமில வாயு நிரம்பி உப்பும். பலகையில் பழகியவர்கள் இதை விரும்புகிறார்கள், உடம்பில் இருப்பதே தெரியாது. ஆனால் தண்ணீரில் விழுந்த அதிர்ச்சியில் கயிற்றைத் தேடி இழுத்து, உப்பியதைத் தலைவழியாக மாட்டிக்கொள்ளும் நிதானம் வேண்டும். அந்த உருளை ஒருமுறைதான் பயன்படும். ஒருவர் இழுத்துவிட்டுப் போனபின் மாற்றவில்லையென்றால் அடுத்தவர் கட்டியிருப்பது வெறும் பை. அமெரிக்காவில் 16 வயதுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இதை ஏற்பதில்லை. வாடகைக் கடையில் கைமாறிக்கொண்டே இருக்கும் பொருளாக இதை வைப்பதை நான் எதிர்க்கிறேன்.

பொருத்தம் பார்ப்பதற்கு இயந்திரம் ஒன்றும் தேவையில்லை. எல்லாப் பட்டைகளையும் இறுக்கிய பிறகு இன்னொருவர் தோள்பட்டைகளைப் பிடித்து மேலே தூக்க வேண்டும். ஜாக்கெட் மூக்கை நோக்கி ஏறினால் அது அந்த உடம்புக்கு ஆனது அல்ல. பெரியவர்களுக்குப் பெரும்பாலும் மார்பளவு, பிள்ளைகளுக்கு எடை என்று உள்பக்கமே எழுதியிருக்கும். பிள்ளைகளுடையதில் கால்களுக்கிடையே போகும் பட்டையும் வேண்டும். எங்கள் பையனுக்கு அது இருந்திருந்தால் நழுவியிருக்க மாட்டான். பொருத்தம் பார்ப்பது கால் நிமிட வேலை. அதைச் செய்யத்தான் ஆளில்லை.

பலகையோடு ஆளைப் பிணைக்கும் கயிற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. நம் கழிமுகங்களில் வலைக்கம்புகள் நட்டிருப்பார்கள், முகத்துவாரம் திறந்திருக்கும் நாட்களில் நீர் இழுக்கும். அங்கே கணுக்காலில் கட்டிய கயிறு கம்பில் சிக்கினால் ஓட்டத்தை எதிர்த்துக் குனிந்து காலைத் தொட முடியாது. இடுப்பில், ஒரே இழுப்பில் கழன்றுவிடும் பட்டையாக, ஜாக்கெட்டுக்கு வெளியே கை எட்டும்படி அது இருக்க வேண்டும்.

மீனவர்கள் கட்டுமரத்தில் நின்று துடுப்பு போடவில்லையா, அவர்கள் ஜாக்கெட்டா போட்டார்கள் என்று என்னிடம் சிலர் கேட்டார்கள். நடக்கப் பழகும் வயதில் கடலில் இறங்கியவரையும், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரத்துக்குப் பணம் கட்டி வந்தவரையும் ஒன்றாக வைத்துப் பேசக் கூடாது. கடல் அறிந்தவர்களையும் கடல் கொண்டுபோயிருக்கிறது என்பதை எந்தக் குப்பத்திலும் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம்.

2009-இல் தேக்கடியில் படகு கவிழ்ந்து 45 பேர் இறந்தார்கள். 2023 மே மாதம் தானூரில் 22 பேர். இப்படி ஒவ்வொன்றுக்கும் பிறகு ஜாக்கெட் கட்டாயம் என்ற பேச்சு எழுகிறது. எந்த ஜாக்கெட், யாருக்கு என்ற கேள்வி எழுவதில்லை. அமெரிக்கக் கடலோரக் காவல்படை 2008-லேயே, அலை உடையும் பகுதிக்கும் நீச்சல் பகுதிக்கும் வெளியே போகும் துடுப்புப் பலகையைப் படகு என்றே வகைப்படுத்தி, ஏற்கப்பட்ட ஜாக்கெட் வேண்டும் என்றது. நம் அதிகாரிகளை நான் கேட்பது அதைவிடப் பெரிதல்ல. பிள்ளைகள் அளவு இல்லாத கடையில் பிள்ளைகளை ஏற்றக் கூடாது என்று அனுமதிச் சீட்டில் எழுதுங்கள். சோதனைக்கு வரும்போது குவியலை எண்ணாமல் பத்து ஜாக்கெட்டை எடுத்து மாட்டிப் பாருங்கள். பக்கிள் உடைந்ததை, நுரை அமுங்கி எழாததை, துணி வெயிலில் நைந்ததை அங்கேயே வெட்டிப் போடுங்கள், மறுநாள் குவியலுக்குத் திரும்பாதபடி.

உங்களிடமும் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இப்படிப் படம் போடும்போது ஜாக்கெட் உடம்பில் இருக்கும் படமாகப் போடுங்கள். உங்கள் பத்திரிகையைப் பார்த்துத்தான் என் தங்கை அந்த இடத்துக்குப் போகலாம் என்றாள்.

பையன் அணிந்திருந்த ஜாக்கெட்டின் உள்பக்கத் துணிச்சீட்டைப் படமெடுத்து இத்துடன் இணைத்திருக்கிறேன். எழுத்துகள் பெரும்பாலும் அழிந்துவிட்டன. 'எக்ஸ்எல்' என்பதும், '90 கிலோவுக்கு மேல்' என்பதும் மட்டும் தெரிகின்றன. பையனின் எடை 28 கிலோ. அந்தப் படத்தையும் வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகி,
கேளம்பாக்கம்.